ஒரே லேப்டாப்பில் இரண்டு ஜோடி இயர்பட்ஸ்: ஒருவருக்கு மட்டும் ஏன் கேட்கிறது?

கேள்வி: குழந்தை தூங்கிய பிறகு நானும் மனைவியும் லேப்டாப்பில் படம் பார்ப்பது வழக்கம். ஆளுக்கொரு வயர்லெஸ் இயர்பட்ஸ் வைத்திருக்கிறோம். விண்டோஸ் 11 லேப்டாப்பில் இரண்டையும் இணைத்தால் இரண்டுமே ‘கனெக்டட்’ என்று காட்டுகிறது. ஆனால் ஒன்றில்தான் சத்தம் வருகிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்க வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. அதற்காகப் புது இயர்பட்ஸ் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். உங்கள் இயர்பட்ஸில் எந்தக் கோளாறும் இல்லை. பெரும்பாலும் லேப்டாப்பிலும் இல்லை. எங்கே தடுக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

புளூடூத் ரேடியோ ஒரே நேரத்தில் ஏழு கருவிகளுடன் பேசக்கூடியது. மவுஸ், கீபோர்டு, ஹெட்செட் எல்லாம் ஒன்றாக ஓடுவது அதனால்தான். அலைவரிசையில் இடம் போதாமல் போகிறதா என்றால் அதுவும் இல்லை. பாட்டு அனுப்ப எல்லா இயர்பட்ஸுக்கும் பொதுவாக உள்ள எஸ்பிசி என்ற கோடெக் (சத்தத்தைச் சுருக்கி அனுப்பும் முறை), நல்ல தரத்தில் விநாடிக்குச் சுமார் 328 கிலோபிட் எடுத்துக்கொள்ளும். இரண்டு பேருக்கு அனுப்பினால் 656. இன்றைய புளூடூத் தரும் வேகம் ஏட்டளவில் 2 முதல் 3 மெகாபிட். ஆக, இடம் தாராளமாக இருக்கிறது.

தடை இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று, ஸ்டீரியோ சத்தத்தை அனுப்பும் ஏ2டிபி என்ற முறையே ஓர் அனுப்புநர், ஒரு பெறுநர் என்ற கணக்கில் எழுதப்பட்டது. இரண்டு பேருக்கு அனுப்ப வேண்டுமானால் தனித்தனியாக இரண்டு ஓட்டங்களை நடத்த வேண்டும். இரண்டு, விண்டோஸில் ஒரு செயலியின் சத்தம் போகும் இடமாக ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ‘கனெக்டட்’ என்றால் பேச்சுவார்த்தை நடக்கிறது என்று மட்டுமே அர்த்தம். சத்தம் அங்கே போகிறது என்று அர்த்தமில்லை. நீங்கள் பார்ப்பது இதைத்தான்.

இங்கே மூன்று தவறான நம்பிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன், மூன்றும் காசைக் கரைப்பவை. முதலாவது, ‘புளூடூத் 5.0 இருந்தால் இரண்டு ஹெட்செட் ஓடும்’ என்பது. 2016-ல் வந்த 5.0-ன் முக்கிய மாற்றங்கள் எல்லாம் குறைந்த மின்சாரத்தில் ஓடும் எல்இ பகுதியைச் சேர்ந்தவை. ஏ2டிபி அப்படியேதான் இருந்தது. சாம்சங் 2017-ல் கேலக்ஸி எஸ்8 போனில் ‘டூயல் ஆடியோ’ கொடுத்தபோது அதில் 5.0-ம் இருந்ததால் இரண்டையும் சேர்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அது சாம்சங் தன் மென்பொருளில் செய்த வேலை. இரண்டாவது, மல்டிபாயிண்ட். இயர்பட்ஸ் பெட்டியில் அப்படி அச்சிட்டிருந்தால், ஒரு இயர்பட்ஸ் இரண்டு கருவிகளுடன் (லேப்டாப், போன்) இணையும் என்று பொருள். உங்களுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். மூன்றாவது, இன்னொரு புளூடூத் டாங்கிள் வாங்கிச் செருகினால் ஆளுக்கொன்று ஆகிவிடும் என்ற எண்ணம். விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரே புளூடூத் அடாப்டரைத்தான் ஆதரிக்கும். இரண்டாவதைச் செருகினால் குழப்பம்தான் மிஞ்சும்.

சரி, எதையும் நிறுவுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். இதைத்தான் யாரும் சொல்வதில்லை, ஆனால் மீதி எல்லாம் இதன் முடிவைப் பொறுத்தது. இரண்டு இயர்பட்ஸையும் இணையுங்கள். பிரவுசரில் ஒரு பாட்டு, விஎல்சி பிளேயரில் வேறொரு பாட்டு ஓடவிடுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், சவுண்ட், வால்யூம் மிக்சர் என்று போனால், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செயலிக்கும் தனியாக அவுட்புட் தேர்வு செய்யும் இடம் இருக்கும். பிரவுசரை உங்கள் இயர்பட்ஸுக்கும், விஎல்சியை மனைவியின் இயர்பட்ஸுக்கும் திருப்புங்கள். மாற்றம் பிடிபடவில்லை என்றால் அந்தச் செயலியை ஒருமுறை மூடித் திறந்தால் போதும்.

இரண்டு பேருக்கும் வேறுவேறு பாட்டு ஒரே நேரத்தில் தடங்கலில்லாமல் கேட்டால், உங்கள் லேப்டாப்பின் புளூடூத் சிப்பும் டிரைவரும் இரண்டு ஓட்டங்களைத் தாங்குகின்றன. இனி மென்பொருளே போதும், செலவில்லை. ஒன்று ஓடத் தொடங்கியதும் மற்றது நின்றுவிட்டால், அல்லது (பின்னால் சொல்லும் வைஃபை தொந்தரவைச் சரிசெய்த பிறகும்) இரண்டுமே விட்டுவிட்டுக் கேட்டால், எந்த மென்பொருள் போட்டாலும் பயனில்லை. மென்பொருள் பகுதியைத் தாண்டி நேராக டிரான்ஸ்மிட்டர் பத்திக்குப் போய்விடலாம். ஒரே பிராண்ட் லேப்டாப்பிலேயே மாடலுக்கு மாடல் இது மாறும் என்பதால், ‘என் நண்பனுக்கு ஓடுகிறதே’ என்று ஒப்பிட வேண்டாம்.

சோதனையில் தேறியவர்களுக்கு வாய்ஸ்மீட்டர் பனானா. விபி-ஆடியோ நிறுவனம் தரும் மென்பொருள் இது, பிடித்திருந்தால் பணம் கொடுக்கலாம் என்ற ஏற்பாடு. நிறுவிய பின் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்வது கட்டாயம். திறந்தவுடன் திரை முழுக்கப் பொத்தான்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பல ஒலிகளைக் கலப்பதற்கான கருவி அது, உங்களுக்கு வேண்டியது நான்கைந்து பொத்தான்கள்தான். வலது மேல்மூலையில் ஏ1, ஏ2, ஏ3 என்று இருக்கும். ஏ1-ஐ அழுத்தி முதல் இயர்பட்ஸையும், ஏ2-ஐ அழுத்தி இரண்டாவதையும் தேர்வு செய்யுங்கள். பட்டியலில் ஒரே இயர்பட்ஸ் பெயர் டபிள்யூடிஎம், எம்எம்இ என்ற முன்னொட்டுகளுடன் பலமுறை வரும். முதலில் டபிள்யூடிஎம் போட்டுப் பாருங்கள், கரகரத்தால் எம்எம்இ-க்கு மாறுங்கள். ‘ஹேண்ட்ஸ்-ஃப்ரீ’ என்று போட்டிருப்பதை மட்டும் தொடவே கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்து, விண்டோஸின் சவுண்ட் அவுட்புட்டை ‘வாய்ஸ்மீட்டர் இன்புட்’ என்று மாற்றுங்கள். இப்போது படத்தின் சத்தம் நேராக இயர்பட்ஸுக்குப் போகாமல் வாய்ஸ்மீட்டருக்குள் வரும். திரையின் நடுப்பகுதியில் விர்ச்சுவல் இன்புட் என்ற பட்டையில் இருக்கும் ஏ1, ஏ2 இரண்டையும் அழுத்தி ஒளிர விட்டால், வந்த சத்தம் இரண்டாகப் பிரிந்து இருவருக்கும் போகும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், ஏ1-க்கும் ஏ2-க்கும் தனித்தனி சத்த அளவு வைக்கலாம் என்பது. ஒருவருக்குச் சத்தம் தூக்கலாக வேண்டும், இன்னொருவருக்கு மெதுவாகப் போதும் என்றால் அங்கேயே முடிந்துவிடும். படம் முடிந்ததும் அவுட்புட்டை மறக்காமல் ஸ்பீக்கருக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலை ஆபீஸ் மீட்டிங்கில் லேப்டாப் ஊமையாக இருக்கும், காரணமும் சட்டென்று நினைவுக்கு வராது.

இனி உதட்டசைவு. இதற்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கும். சாதாரண இயர்பட்ஸில் எஸ்பிசி வழியாகச் சத்தம் வந்து சேர 150 முதல் 250 மில்லி விநாடி ஆகும். ஒளிபரப்புத் துறைக்கான ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரை ஒன்று, சத்தம் படத்துக்குப் பின்னால் 125 மில்லி விநாடி தாமதித்தால் பார்ப்பவர் கவனிக்கத் தொடங்குவார் என்கிறது. ஆனால் ஒற்றை இயர்பட்ஸில் பார்க்கும்போது நமக்கு இது உறுத்துவதில்லை, ஏன்? புளூடூத்தில் சத்தம் இவ்வளவு பிந்தும் என்று விண்டோஸ் சொல்லிவிடுவதால், பிரவுசரோ பிளேயரோ படத்தையும் அந்த அளவுக்குப் பிடித்து வைத்துக் காட்டுகிறது. நடுவில் வாய்ஸ்மீட்டர் வந்ததும் அந்தத் தகவல் அறுந்துபோகிறது. பிளேயருக்குத் தெரிவதெல்லாம் தாமதமே இல்லாத ஒரு கற்பனை சவுண்ட் கார்டு. அதனால் கதாநாயகன் வாயை மூடிய பிறகும் வசனம் வந்துகொண்டிருக்கும்.

டவுன்லோடு செய்த படம் என்றால் விஎல்சியில் பாருங்கள். கீபோர்டில் ஜே எழுத்தை அழுத்தும் ஒவ்வொரு முறையும் சத்தம் 50 மில்லி விநாடி முன்னே நகரும், கே அழுத்தினால் பின்னே போகும். யாராவது கதவைச் சாத்தும் காட்சியையோ, கைதட்டும் காட்சியையோ நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் சரி செய்யுங்கள். முகத்தை வைத்துச் செய்வதைவிட இது சுலபம். மூன்று நான்கு அழுத்தில் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஓடிடி தளங்களில் பிரவுசரில் பார்த்தால் இந்த வசதி கிடையாது, அங்கே கொஞ்சம் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டு இயர்பட்ஸும் வேறுவேறு மாடல் என்றால் அவற்றின் தாமதமும் வேறுபடும். ஒருவருக்கு உதட்டசைவு பொருந்தும், மற்றவருக்குப் பொருந்தாது. ஒருவர் சிரித்த பிறகு இன்னொருவர் சிரிப்பது இதனால்தான். வாய்ஸ்மீட்டர் பனானாவின் சிஸ்டம் செட்டிங்ஸில் ஏ1, ஏ2 ஒவ்வொன்றுக்கும் தனித் தாமதம் கொடுக்கும் இடம் இருக்கிறது. முந்திக்கொண்டு வரும் ஜோடிக்கு 50, 100 என்று கூட்டி மற்றதோடு சமன் செய்துவிட்டு, பிறகு விஎல்சியில் இரண்டையும் சேர்த்து நகர்த்துங்கள். வரிசை மாறினால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

விட்டுவிட்டுக் கேட்டால் முதலில் வைஃபையைச் சந்தேகப்படுங்கள். புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைப்பகுதியில் ஓடுகின்றன. பெரும்பாலான லேப்டாப்களில் இரண்டும் ஒரே கார்டில் இருக்கும், ஆன்டெனாவையும் பகிர்ந்துகொள்ளும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறுங்கள். படம் லேப்டாப்பிலேயே இருந்தால் வைஃபையை அணைத்துவிடலாம். இன்னொரு விஷயம், வெளி ஹார்ட் டிஸ்கிலிருந்து படம் ஓட்டுகிறீர்களா? யுஎஸ்பி 3.0 கருவிகளும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் விளக்கமாக எழுதியிருக்கிறது. படத்தை லேப்டாப்புக்குள் நகலெடுத்துக்கொண்டு, டிஸ்கைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். போன்களையும் கவனியுங்கள். இருவரின் போனிலும் புளூடூத்தை அணைத்துவிடுவது நல்லது. மல்டிபாயிண்ட் உள்ள இயர்பட்ஸ் போனில் அழைப்பு வந்தவுடன் லேப்டாப்பை விட்டுத் தாவிவிடும்.

ஹேண்ட்ஸ்-ஃப்ரீ விஷயத்துக்கு வருகிறேன். இயர்பட்ஸின் மைக் வேலை செய்ய வேண்டுமானால், பழைய புளூடூத் முறையில் அது போன் பேசும் நிலைக்கு மாற வேண்டும். அந்த நிலையில் ஸ்டீரியோ போய் ஒற்றைத் தடமாகிவிடும், சத்தமும் பழைய டெலிபோன் மாதிரி மெலிந்துவிடும். விண்டோஸில் ஏதாவது ஒரு செயலி பின்னணியில் மைக்கைத் திறந்து வைத்திருந்தாலே இது நடக்கும். எனவே மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையே தேர்வு செய்துவிடுங்கள், மீட்டிங் செயலிகளை முழுவதுமாக மூடிவிடுங்கள்.

சோதனையில் தேறாதவர்களுக்கும், வாரத்தில் பல இரவுகள் சேர்ந்து படம் பார்ப்பவர்களுக்கும் நான் மனதாரச் சொல்வது டிரான்ஸ்மிட்டர்தான். இரண்டு ஹெட்செட்டுகளை ஒரே நேரத்தில் இணைக்கும் வசதி உள்ள புளூடூத் ஆடியோ டிரான்ஸ்மிட்டர் என்று கேட்டு வாங்குங்கள். லேப்டாப்பின் 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் செருகுவதும் உண்டு, யுஎஸ்பியில் செருகுவதும் உண்டு. விண்டோஸ் இதை ஒரு ஹெட்போனாகவோ யுஎஸ்பி சவுண்ட் கார்டாகவோதான் பார்க்கும். புளூடூத் வேலை முழுவதும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் நடக்கும். மென்பொருள் வேண்டாம், ரீஸ்டார்ட் வேண்டாம், அம்மா அப்பாவிடம் கொடுத்தாலும் அவர்களே பயன்படுத்திக்கொள்வார்கள். டிவியிலும் செருகலாம்.

வாங்கும்போது சாதாரண புளூடூத் டாங்கிளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். டாங்கிள் என்பது விண்டோஸுக்குப் புளூடூத் ரேடியோ. நான் சொல்வது சவுண்ட் கார்டு. விவரக் குறிப்பில் ‘ஆடியோ டிரான்ஸ்மிட்டர்’, ‘டூயல் லிங்க்’ இரண்டும் இருக்க வேண்டும். ‘ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்சி’ என்று பெரிதாகப் போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் முன் யோசியுங்கள். தாமதத்தை 40 மில்லி விநாடி அளவுக்குக் குறைக்கும் நல்ல கோடெக்தான், ஆனால் இயர்பட்ஸிலும் அது இருந்தால்தான் பலன். பெரும்பாலான இயர்பட்ஸில் அது கிடையாது. பேரிங் செய்யும்போது இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்காமல் ஒன்றை முடித்துவிட்டு மற்றதை ஆரம்பியுங்கள்.

யூடியூபில் தேடினால் ‘ஸ்டீரியோ மிக்ஸ்’ முறையைத்தான் முதலில் காட்டுவார்கள். ரியல்டெக் சவுண்ட் கார்டில் மறைந்திருக்கும் அந்த இன்புட்டை எனேபிள் செய்து, ‘லிசன் டு திஸ் டிவைஸ்’ என்பதை டிக் செய்து, இரண்டாவது இயர்பட்ஸைத் தேர்வு செய்யச் சொல்வார்கள். ஸ்டீரியோ மிக்ஸ் பிடிப்பது ரியல்டெக் கார்டு வழியாகப் போகும் சத்தத்தை மட்டும். முதல் இயர்பட்ஸுக்கு நேராகப் போகும் சத்தம் ரியல்டெக்கைத் தொடுவதே இல்லை, அதனால் இரண்டாவதில் மௌனம்தான் கிடைக்கும். இதில் மணிக்கணக்கில் தவித்துவிட்டுத் தங்கள் லேப்டாப்பையே குறை சொல்பவர்கள் பலர், பாவம். ஆனால் ஒருவர் வயர் ஹெட்போன், மற்றவர் வயர்லெஸ் என்றால் இதே முறை அருமையாக ஓடும். வயர் வைத்திருப்பவருக்குச் சத்தம் முன்னதாகக் கேட்கும், அவ்வளவுதான்.

மேக் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ‘ஆடியோ மிடி செட்டப்’ என்ற செயலி உள்ளேயே இருக்கிறது. அதில் கூட்டல் குறியை அழுத்தி ‘மல்டி-அவுட்புட் டிவைஸ்’ உருவாக்கி, இரண்டு இயர்பட்ஸையும் டிக் செய்து, ஒன்றை முதன்மையாக வைத்து, மற்றதற்கு ‘ட்ரிஃப்ட் கரெக்‌ஷன்’ போட வேண்டும். இந்தக் கடைசி டிக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு ஒலிக்கருவிக்கும் தனிக் கடிகாரம் உண்டு. விநாடிக்கு 48000 சாம்பிள் (சத்தத்தின் சின்னஞ்சிறு துண்டு) என்று இரண்டுமே சொல்லும், ஆனால் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. விநாடிக்கு ஒரே ஒரு சாம்பிள் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டரை மணி நேரப் படம் முடியும்போது 9000 சாம்பிள் விலகியிருக்கும். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு விநாடி. முதல் பாதி நன்றாக இருந்து இடைவேளைக்குப் பிறகு பொருந்தாமல் போவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். மேக்கில் உள்ள ஒரே குறை, இந்த ஏற்பாட்டில் கீபோர்டின் வால்யூம் பொத்தான்கள் வேலை செய்யாது. அதே செயலியிலோ இயர்பட்ஸிலோதான் கூட்டிக் குறைக்க வேண்டும். ஐபோனில் 2019 முதல் இருக்கும் ‘ஷேர் ஆடியோ’ மேக்கில் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ்காரர்களுக்கு பல்ஸ்ஆடியோவிலும் பைப்வயரிலும் இரண்டு அவுட்புட்டுகளை ஒன்றாக்கும் ‘கம்பைன் சிங்க்’ வசதி இருக்கிறது.

இதற்கெல்லாம் நிரந்தரத் தீர்வு எல்இ ஆடியோ. 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இந்தப் புது முறையில், ஓர் அனுப்புநர் ஒரே ஓட்டத்தை ஒலிபரப்பினால் பக்கத்தில் இருக்கும் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்து கேட்கலாம். ஆரகாஸ்ட் என்று 2022-ல் பெயர் வைத்தார்கள். மைக்ரோசாஃப்ட் இதை அடிப்படையாக வைத்து 2025 அக்டோபர் இறுதியில் ‘ஷேர்ட் ஆடியோ’ என்ற வசதியை விண்டோஸ் 11-ன் இன்சைடர் சோதனைப் பதிப்பில் விட்டது. முதலில் குறிப்பிட்ட சில கோபைலட் பிளஸ் லேப்டாப்களுக்கு மட்டும். குவிக் செட்டிங்ஸில் ஒரு பொத்தானை அழுத்தி இரண்டு இயர்பட்ஸைத் தேர்வு செய்தால் முடிந்தது. லேப்டாப், இரண்டு ஜோடி இயர்பட்ஸ் என மூன்றிலும் எல்இ ஆடியோ இருக்க வேண்டும். உங்களுடையதில் இருக்கிறதா என்று பார்க்க, செட்டிங்ஸில் புளூடூத் அண்ட் டிவைசஸ் பக்கத்தில் டிவைசஸ் என்பதைத் திறந்து, ‘யூஸ் எல்இ ஆடியோ வென் அவைலபிள்’ என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். வரியே இல்லை என்றால் உங்கள் லேப்டாப்பில் எல்இ ஆடியோவுக்கு இப்போதைக்கு ஆதரவு இல்லை. அடுத்த முறை இயர்பட்ஸ் வாங்கும்போது ‘எல்இ ஆடியோ’ என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் ‘5.3’, ‘5.4’ என்ற எண்ணை நம்பி வாங்க வேண்டாம், அந்த எண் இருந்தும் எல்இ ஆடியோ இல்லாதவை நிறைய விற்கின்றன.

இன்று இரவே படம் பார்க்க வேண்டும், இதெல்லாம் வார இறுதியில்தான் செய்ய முடியும் என்றால், ஒரே ஜோடியை ஆளுக்கொரு காதாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்படியே கேட்டால் ஒருவருக்கு இடது பக்கச் சத்தமும் மற்றவருக்கு வலது பக்கச் சத்தமும் மட்டுமே வரும். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, ஆடியோ என்று போய் ‘மோனோ ஆடியோ’வை ஆன் செய்துவிடுங்கள். இரண்டு பக்கமும் கலந்து இருவருக்கும் முழுதாகக் கேட்கும். ஒரு காது திறந்திருப்பதால் குழந்தை அழுதாலும் தெரியும்.